ஏழாம் மாசமும் போகிப் புகையும்

ஜனவரி 3, 2025, வெள்ளி

கர்ப்பத்தின் 26ஆவது வாரம். டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே ஆஸ்துமாவுக்கு இழுக்கும் தினசரி பம்பை (இன்ஹேலரை) நானாக நிறுத்திவிட்டேன். “பிள்ளைக்கு ஆகாது” என்று அத்தை சொன்னது எனக்கும் வசதியாக இருந்தது. ராத்திரியில் வீசிங் வந்தால் மட்டும், உடனே மூச்சைத் திறந்துவிடும் நீல பம்பு.

“தினசரி பம்புல இருக்கிற பியூடெசோனைடு மருந்து நேரா மூச்சுக்குழாய்க்குத்தான் போகுது, ரத்தத்துல சேர்றது கொஞ்சம். நீங்க இளைக்கும்போது பிள்ளைக்கும்தானே ஆக்சிஜன் குறையும்?” என்றார். மறுபடி ஆரம்பித்தாயிற்று, ஸ்பேசர் (பம்பில் மாட்டி மருந்தை இழுக்கும் குழல்) வைத்து. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் வரும்.

ஜனவரி 7, செவ்வாய்

பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கினோம், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று எண்ணில் காட்டும் கருவி. நின்றபடி மூன்று முறை ஊதி, அதிகமாக வருவதைக் குறிக்க வேண்டும். கர்ப்பத்தில் எல்லோருக்கும்தான் மூச்சு வாங்கும், ஹார்மோன் செய்யும் வேலை. ஆனால் கர்ப்பத்தால் மட்டும் இந்த எண் இறங்காது. இறங்கினால் அது ஆஸ்துமா. மூன்று மாதமாக இந்தக் குழப்பத்தில்தான் படியேறிக்கொண்டிருந்தேன்! நன்றாக இருந்த நாட்களில் 380 ஊதியிருக்கிறேன். இன்று 320.

ஜனவரி 13, திங்கள், போகி

நேற்றிரவு 350. சந்தோஷமாகப் படுத்தேன். விடிகாலை நாலரைக்கே பெரம்பூர் முழுக்க மேளச் சத்தம், பனியோடு சேர்ந்த டயர் நாற்றம். போன வருஷம் இதே புகையில் மீனம்பாக்கத்துக்கு வந்த விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். என் மூச்சுக்குழாய் எம்மாத்திரம்?

ஐந்தரைக்கு 260. நெஞ்சுக்குள் விசில். நிமிர்ந்து உட்கார்ந்து, நீல பம்பை ஸ்பேசரில் ஒவ்வொரு அழுத்தாக நான்கு முறை எடுத்தேன். அவர் கதவிடுக்கில் ஈரத்துணி திணித்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் 330. ஏறாமல் இருந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரி. பை தயாராகத்தான் இருந்தது. உள்ளே ஒரு உதை. அப்புறம்தான் அழுதேன்.

ஜனவரி 14

பொங்கல். ஜன்னலைத் திறக்கவில்லை. குக்கர் பொங்கல்தான். 340.

ஜனவரி 24, வெள்ளி

வளைகாப்பு. காலையில் 370. சித்தி சாம்பிராணித் தட்டோடு என்னிடம் வர, அத்தை குறுக்கே வந்து வாங்கி மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்து, வளையல் கைகளோடு நான் ஸ்பேசரைப் பிடிக்கத் திணறுவதைப் பார்த்து, அதைத் தானே பிடித்துக்கொண்டார். “மெதுவா இழு.”