இரவு அமைதியாக இருந்தார்

ஏழாவது கட்டிலில் இருந்தவரை நாங்கள் எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ராத்திரியில் மணியடித்துக்கொண்டே இருப்பார். ஓடிப்போய் என்ன வேண்டும் என்று கேட்டால், "மணி என்னம்மா?" என்பார். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் பத்தாவது நிமிடம் மறுபடியும் மணி. மறுபடியும் "மணி என்னம்மா?" மணியடித்து மணி கேட்கிறவர் என்று எங்களுக்குள் ஒரு சிரிப்பு உண்டு. ஒருநாள் ராத்திரி, பன்னிரண்டாவது முறையோ பதின்மூன்றாவது முறையோ, அந்த மணியின் வயரைத் தலையணையிலிருந்து கழற்றி, கட்டிலின் தலைமாட்டுக் கம்பிக்குப் பின்னால் சுற்றிவிட்டு வந்தேன்.

விடிகாலையில் போய்ப் பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது. டீச்சரம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தார். "தேடினேம்மா, கைக்குக் கிடைக்கல. மன்னிச்சுக்கோ" என்றார். மன்னிப்புக் கேட்டது அவர். நான் விரிப்பை மாற்றினேன். வயரைப் பழையபடி தலையணையில் மாட்டினேன். பகல் டியூட்டிக்கு வந்தவளிடம் நோட்டை ஒப்படைத்தேன். ஏழாம் கட்டிலுக்கு நேரே என் கையெழுத்தில் எழுதியிருந்தது: "இரவு அமைதியாக இருந்தார்."

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஆறு வருடம் உதவியாளராக வேலை பார்த்தவள் நான். விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது என் அத்தை அப்படியொரு இல்லத்தில் இருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'கொடுமை' என்ற சொல்லில்தான் எங்களுக்கு வசதி இருந்தது. அது பெரிய சொல். அடிப்பது, சூடு வைப்பது, பட்டினி போடுவது எல்லாம் கொடுமை. நாங்கள் செய்தது எதுவும் அந்தக் கணக்கில் வராது என்று நினைத்தோம். அதட்டினோம். விழுங்குவதற்குள் அடுத்த கரண்டியை வாயில் வைத்தோம். குளிப்பாட்டும்போது கதவைச் சாத்த மறந்தோம். ஒருவருக்கு டயப்பர் மாற்றிக்கொண்டே, அவர் அங்கே இல்லாதது போல, எங்கள் வீட்டுக் கதையைப் பேசினோம். பெயர் சொல்வதை விட்டுவிட்டு "ஏழு", "பன்னிரண்டு" என்று கட்டில் எண்ணைச் சொன்னோம். எண்ணுக்கு வலிக்காது அல்லவா?

டாம் கிட்வுட் என்று பிரிட்டனில் ஒருவர் இருந்தார். மறதி நோய் வந்தவர்களைக் கவனிக்கும் இடங்களில் உட்கார்ந்து பார்த்து, அங்கே மனிதரைச் சிறுகச் சிறுக இல்லாமலாக்கும் பழக்கங்களை அவர் வரிசையாகப் பெயரிட்டு எழுதினார். குழந்தையைப் போல நடத்துவது, கண்டுகொள்ளாமல் விடுவது, கேலி செய்வது, ஒரு பொருளைப் போலக் கையாளுவது எல்லாம் அதில் உண்டு. அவர்களால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் எல்லாவற்றையும் செய்வதும் உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் கையில் இருந்த கொடுமையின் பெயர் வேகம். இதையெல்லாம் செய்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

மருத்துவ உலகம் இதைப் பற்றி வாய் திறந்ததே பிந்தித்தான். பாட்டிகளை அடிப்பது பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் கடிதம் எழுதியது 1975இல். இல்லங்களின் ஊழியர்களையே கேட்ட பெரிய ஆய்வு 1989இல் அமெரிக்காவில் வந்தது. 31 இல்லங்களைச் சேர்ந்த 577 பேரிடம் கேட்டார்கள். கடந்த ஒரு வருடத்தில் உடல்ரீதியான கொடுமையைக் கண்ணால் பார்த்தேன் என்றவர்கள் 36 சதவீதம். நானே செய்தேன் என்றவர்கள் 10 சதவீதம். மனதை நோகடிக்கும் காரியத்தை நானே செய்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் 40 சதவீதம். அதில் அதிகமாக நடந்தது கோபத்தில் கத்துவது. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு இன்னும் மோசம்: இல்லங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், கடந்த ஒரு வருடத்தில் ஏதாவதொரு வகைக் கொடுமையைச் செய்ததாகத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேரும் பிசாசுகளாக இருக்க முடியாது. என்னோடு வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தி தன் பாட்டிக்குத் தினமும் போன் செய்வாள். அவள்தான் மதியத்தில் ஒரு தாத்தாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துச் சட்டை மாட்டுவாள்.

எங்கள் ராத்திரியில் 38 பேருக்கு இரண்டு பேர். தனியே திரும்பிப் படுக்க முடியாதவர்கள் அதில் பாதிக்கு மேல். ஒருவரைச் சுத்தம் செய்து, திருப்பிப் படுக்கவைத்து, விரிப்பை இழுத்துவிடப் பத்து நிமிடம் என்று வையுங்கள். கடைசிக் கட்டிலுக்கு வரும்போது முதல் கட்டில்காரரைத் திருப்பவேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். இந்தக் கணக்கில் ஏதாவது ஒன்று விடுபட்டே தீரும். எது விடுபடும் என்றால், புகார் சொல்ல வாயில்லாதவருடையது. உறவினர் அடிக்கடி வரும் கட்டில் முதலில் சுத்தமாகும். யாரும் வராத கட்டில் கடைசியில். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே வாரத்தில் தானாகப் படிந்துவிடும்.

ஆள் பற்றாக்குறையைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்வதாக நினைக்கவேண்டாம். என்னோடு ராத்திரி டியூட்டி பார்த்த இன்னொருத்தியும் அதே 38 பேரோடுதான் இருந்தாள். அவள் வயரைக் கழற்றவில்லை. டீச்சரம்மா படுத்தபடியே பார்க்கும் இடத்தில் ஒரு சுவர்க்கடிகாரத்தை மாட்டச் சொல்லிக் கேட்டாள். மாட்ட நான்கு மாதம் ஆனது, அது வேறு கதை. மாட்டிய பிறகு மணிச்சத்தம் பாதியாகக் குறைந்தது.

'அமைதி' என்ற சொல்லையும் நான் இப்போது நம்புவதில்லை. எங்கள் நோட்டில் மூன்றே விதமான மனிதர்கள்தான்: அமைதி, அடம், ஒத்துழைக்கவில்லை. அடம் என்று நான்கு நாள் தொடர்ந்து எழுதினால் ஐந்தாம் நாள் மாத்திரை மாறும். மனநோய்க்கென்று வந்த மாத்திரைகளை மறதி நோயாளிகளுக்குக் கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருப்பது உலகம் முழுக்க நடந்த விஷயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2005இல் எச்சரிக்கை விட்டது. பத்து வாரச் சோதனையில், அந்த மாத்திரைகளில் புதிய வகையை எடுத்த மறதி நோயாளிகளில் இறந்தவர்கள் சுமார் 4.5 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 2.6. 2008இல் பழைய வகை மாத்திரைகளையும் அந்த எச்சரிக்கைக்குள் கொண்டுவந்தார்கள். எந்தச் சூழலிலும் கொடுக்கவே கூடாது என்பதில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால் மருத்துவர் யோசித்துக் கொடுப்பார். எங்கள் ராத்திரி தூங்கவேண்டும் என்பதற்காகக் கொடுப்பது வேறு. போன வாரம் பேசிக்கொண்டிருந்த உங்கள் அப்பா இந்த வாரம் தலை தொங்கி எச்சில் வழிய உட்கார்ந்திருந்தால், "வயசாயிடுச்சு" என்று நீங்களே சமாதானம் ஆகிவிடாதீர்கள். மருந்துச் சீட்டைக் கேளுங்கள். எது புதிது, எந்தத் தேதியிலிருந்து, யார் சொல்லி, வீட்டில் யாரைக் கேட்டு?

கட்டிவைப்பதும் இதே ரகம்தான். கயிறு வேண்டியதில்லை. இடுப்புப் பட்டை, இருபுறமும் ஏற்றிய கட்டில் கம்பி, எழுந்திருக்கவே முடியாத அளவுக்குச் சாய்த்த நாற்காலி, நாற்காலியோடு ஒட்டி நகர்த்திய மேசை, எல்லாமே கட்டுத்தான். ஊழியரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ இப்படிச் செய்யக்கூடாது என்று அமெரிக்காவில் 1987இல் சட்டமே வந்தது. விழாமல் இருக்கத்தான் கம்பி என்பார்கள். கம்பியின் மேல் ஏறி இறங்கப் பார்க்கிறவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். ஒருமுறை பார்த்திருக்கிறேன், விவரிக்க விருப்பமில்லை.

உறவினர்கள் என்னிடம் அதிகம் கேட்பது காயத்தைப் பற்றி. முதியவர்களின் தோல் காகிதம் மாதிரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்குக் கட்டிலில் இடித்தாலே கன்றிப்போகும். அதனால் கையிலோ காலிலோ ஒரு கன்றலைப் பார்த்தவுடன் யார் மேலும் பாயாதீர்கள். தற்செயலாக வரும் கன்றல்களை மட்டும் முதியவர்களிடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது கை கால்களில்தான் இருந்தன. காதில், கழுத்தில், பிட்டத்தில், மறைவிடத்தில், உள்ளங்காலில் ஒன்றுகூட இல்லை. அங்கே கன்றலைப் பார்த்தால் கேள்வி கேட்டே ஆகவேண்டும். மேல்கையில் வரிசையாக விரல் பதிந்ததுபோல இருந்தாலும் கேளுங்கள். நிறத்தை வைத்து "இது பழசு, இங்கே வருவதற்கு முன்பே இருந்தது" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நிறத்தை வைத்து நாள் சொல்ல முடியாது என்பதையும் அதே ஆய்வு காட்டியிருக்கிறது.

அடியைவிட நான் அதிகம் பார்த்தது படுக்கைப்புண். புட்டத்துக்கு மேலே முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பெலும்பு, குதிகால், இந்த இடங்களைப் போர்வையை விலக்கிப் பாருங்கள். சங்கடமாக இருக்கும், அதற்காக விடவேண்டாம். விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத சிவப்பு முதல் அறிகுறி. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிடக் கருமையாக, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். புத்தகத்தில் சிவப்பு என்று படித்துவிட்டு நாங்களே பலமுறை கோட்டைவிட்டிருக்கிறோம். எல்லாப் படுக்கைப்புண்ணும் அலட்சியத்தால் வருவதில்லை, கடைசி நாட்களில் எவ்வளவு பார்த்தாலும் வரும். ஆனால் எலும்பு தெரியும் ஆழத்துக்குப் போனபிறகுதான் வீட்டுக்குத் தகவல் சொல்கிறார்கள் என்றால், அதற்கு முன் அதைப் பார்த்தவர் யாருமே இல்லையா?

கொஞ்சம் தண்ணீரையும் கவனியுங்கள். டம்ளர் மேசைமேல் நிறைந்திருப்பது பெரிய விஷயமில்லை, கைக்கு எட்டுகிறதா என்பதுதான் விஷயம். ராத்திரி சிறுநீர் போவார் என்று சாயங்காலத்துக்குமேல் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் எங்களிடமும் இருந்தது. பிறகு அவர் குழம்பிப் பேசுவார், நாங்கள் நோட்டில் அடம் என்று எழுதுவோம்.

பணம், மோதிரம், கைநாட்டு வாங்கிய காகிதம், இவையெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதில் கை நீளுவது ஊழியருக்கு மட்டுமில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் சொந்தத்துக்கும்தான். கொடுமை செய்பவர் பக்கத்துக் கட்டில்காரராகவும் இருக்கலாம். நியூயார்க் மாநிலத்தில் பத்து இல்லங்களில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரத்துக்குள் ஐந்தில் ஒருவர் சக முதியவரோடு அடி, வசவு, அத்துமீறல் என்று ஏதாவதொன்றில் சிக்கியிருந்தார். பாலியல் அத்துமீறலைத்தான் யாரும் நம்புவதில்லை. மறதி இருப்பவர் சொன்னால் கற்பனை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். மறதி இருந்தாலும் பயம் மறப்பதில்லை. யார் பக்கத்தில் வந்தால் உடம்பை இறுக்கிக்கொள்கிறார் என்று பாருங்கள்.

போன மாதம் அத்தையைப் பார்க்கப் போனேன். வழக்கமாகப் போகும் நேரத்தில் போகவில்லை, ராத்திரி எட்டரைக்குப் போனேன். கீழே கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு விட்டார்கள். அத்தை கம்பியைப் பிடித்தபடி படுத்திருந்தார். நான் முதலில் தேடியது முகத்தை அல்ல, மணியை. வயர் தலைமாட்டுக் கம்பிக்குப் பின்னால் சுற்றியிருந்தது. இரண்டு சுற்று, அச்சாக நான் சுற்றியதுபோலவே. எடுத்து அத்தையின் கையில் கொடுத்தேன். அவர் உடனே அழுத்தினார், விளையாட்டுச் சாமான் கிடைத்த குழந்தை மாதிரி.

ஓடிவந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். வயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"தெரியாம மாட்டிட்டிருக்கும் அக்கா."

"சரி. இன்னிக்கு எத்தனை பேருக்கு நீ?"

"முப்பத்தொண்ணு. இன்னொருத்தி வரல."

நிர்வாகிக்குப் புகார் எழுதினேன். எழுதாமல் விடுவதா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன், அந்தப் பெண்ணின் வேலை போய்விடுமோ என்று. போய்விட்டால் முப்பத்தொரு பேருக்கு யாருமே இருக்கமாட்டார்கள் என்றுகூடத் தோன்றியது. பிறகு டீச்சரம்மா மன்னிப்புக் கேட்டது ஞாபகம் வந்தது, எழுதிவிட்டேன். தேதி, நேரம், அறை எண் எல்லாம் போட்டேன். முதல் வரியில் அன்றிரவு முப்பத்தொரு பேருக்கு ஒரே ஒரு பெண் இருந்தாள் என்று எழுதினேன். மணி வயரை இரண்டாவது வரியில் எழுதினேன்.