"ஏசி போட்டா புகை நாத்தம் வருதுங்ணா"

வேறொரு பட்டறையில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார் அந்தத் தம்பி. பொள்ளாச்சியில் டாக்ஸி ஓட்டுகிறவர். வண்டி 2014 டிசையர் டீசல், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. செகண்ட்ஸில் வாங்கியிருக்கிறார், இன்னும் பதினோரு தவணை பாக்கி. "ராடு அடிக்குதாம், என்ஜினை இறக்கணும்கறாங்ணா" என்று தாளை நீட்டினார். ராடு என்பது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைப்பது, அதன் பெயரிங் தேய்ந்தால் தட்டும். பிஸ்டன், ரிங், பெயரிங் செட், செயின் கிட், ஹெட் வேலை, லேபர் எல்லாம் சேர்த்து 94,000 ரூபாய்.

கோயம்புத்தூரில் பட்டறை வைத்து இருபது வருடம் தாண்டிவிட்டது. பானெட்டைத் திறப்பதற்கு முன் வண்டிக்காரரிடம் பேசுவது என் வழக்கம். சத்தம் எப்போது வருகிறது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? மேடு ஏறும்போது கூடுகிறதா? அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். காலையில் அதிகம், சூடானதும் கொஞ்சம் அடங்கும், ஆள் ஏற்றி மேடு ஏறினால் மறுபடி கேட்கும். வேறு ஏதாவது உண்டா என்றேன். "சத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காதுங்ணா. ஏசி போட்டா லேசா புகை நாத்தம் வருது. பேசஞ்சர் ரெண்டு பேர் சொல்லிட்டாங்க."

எனக்கு அங்கேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

ராடு அடிப்பது கனமான சத்தம். என்ஜினின் அடியில், ஆயில் தேங்கும் சம்ப் பக்கமிருந்து, இரும்பு ட்ரம்மைக் கட்டையால் தட்டுவதுபோல 'டொக் டொக்' என்று வரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டால் இன்னும் ஓங்கும். இவர் வண்டியில் வந்தது மேலிருந்து, 'சிக் சிக்' என்று, தையல் மெஷின் வேகத்தில். காற்று சீறுவதுபோல அதில் ஒரு இழுப்பும் இருந்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, முனையைச் சம்பில் வைத்தேன், அமைதி. பிளாக்கில் வைத்தேன், டீசல் வண்டிக்கு உள்ள சாதாரண இரைச்சல்தான். என்ஜினின் மேல் பாகமான ஹெட்டில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் இரண்டாவதன் பக்கம் கொண்டுபோனதும் காதுக்குள்ளேயே அடித்தது.

மேலே இருந்த பிளாஸ்டிக் கவரில் தூசி படர்ந்திருந்தது. ஒரு விரல் தடம்கூட இல்லை. 94,000 ரூபாய்க்குத் தாள் எழுதியவர் அந்தக் கவரைக்கூடக் கழற்றவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்கத் தணியவில்லை. கவரைத் தூக்கினால் இன்ஜெக்டரின் அடியைச் சுற்றித் தார் ஊற்றியதுபோலக் கறுப்பாக இறுகிக் கிடந்தது. சோப்புத் தண்ணீரைச் சொட்டவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ஒவ்வொரு 'சிக்'குக்கும் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. தம்பியையும் குனிந்து பார்க்கச் சொன்னேன்.

இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு சிறிய செம்பு வாஷர் உண்டு. சிலிண்டருக்குள் எரியும் வாயு மேலே வராமல் அடைப்பது அதுதான். அது நைந்தால் ஒவ்வொரு முறை எரியும்போதும் வாயு பீறிட்டு வரும். அதுதான் சத்தம், அந்தப் புகைதான் ஏசி வழியாக உள்ளே வந்த நாற்றம். அப்படியே விட்டு ஓட்டினால் கரி இறுகி இன்ஜெக்டர் சிக்கிக்கொள்ளும், வாஷர் உட்காரும் இடமும் அரித்துப்போகும். அப்போது நிஜமாகவே ஹெட்டை இறக்க வேண்டி வரலாம்.

இந்தக் கோபத்துக்குப் பின்னால் என்னுடைய தப்பு ஒன்றும் இருக்கிறது. 2011இல் ஒரு வண்டி இதேபோல அடித்துக்கொண்டு வந்தது. காதை மட்டும் நம்பி ராடு என்று முடிவு கட்டி, சம்பை இறக்கினேன். பெயரிங் எல்லாம் புதுசு மாதிரி இருந்தன. பெல்ட்டைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லிக்குள் வெளி வளையத்தையும் உள் வளையத்தையும் பிடித்து வைக்கும் ரப்பர் விட்டுப்போயிருந்தது, அதுதான் ராடு மாதிரியே அடித்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டிருந்தால் சத்தம் மாறியிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். சம்ப் இறக்கிய லேபரையும் பெயரிங் செட் காசையும் அந்தப் பெரியவரிடம் வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் சோதித்துப் பார்க்காமல் நான் எஸ்டிமேட் எழுதியதில்லை.

பெரிய தொகை என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. போன மாதம் ஒருவர் இதேபோல ஒரு தாளோடு வந்தார். ஆயிலை இறக்கினால் வெயிலில் ஜரிகைபோல மின்னியது, ஃபில்டரை வெட்டினால் மடிப்பெல்லாம் பெயரிங் துகள். "அவங்க சொன்னது சரிதாங்க, இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். அந்தத் தாளில் ஆயில் பிரஷர் கேஜில் கண்ட அளவை எழுதியிருந்தார்கள். எழுதியவர் வேலை தெரிந்தவர். எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் அதைத்தான் கேட்க வேண்டும்: என்ன சோதனை செய்தீர்கள், என்ன கண்டீர்கள், கழற்றியதை நான் பார்க்கலாமா? ஒழுங்காக வேலை பார்த்தவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

சரி, டிசையருக்கு வருகிறேன். கரி இறுகியிருந்ததால் இரண்டாவது இன்ஜெக்டரை எடுக்கவே அரை நாள் ஆயிற்று. அவசரப்பட்டு நெம்பினால் இன்ஜெக்டர் போய்விடும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்ல அசைத்து அசைத்துத்தான் எடுத்தோம். வாஷர் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, நாலு இன்ஜெக்டருக்கும் புது வாஷர் போட்டோம். பில் 3,800 ரூபாய்.

வண்டியை அன்று ராத்திரி பட்டறையிலேயே நிறுத்தச் சொன்னேன், என்ஜின் முழுக்க ஆறிய பிறகு கேட்டால்தான் நிச்சயம். காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். சாவியைத் திருப்பினார். ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கி, பழைய வாஷரைக் கேட்டு வாங்கி, அந்த எஸ்டிமேட் தாளிலேயே பொட்டலம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஏழரைக்குப் பொள்ளாச்சியில் சவாரி இருந்தது அவருக்கு.