பலகையிடம் கேட்ட அளவு: பெங்களூரு அல்சூர் நாட்குறிப்பு, 2024

அக்டோபர் 7, திங்கள்

1,540 கிராம்.

புத்தக அலமாரிக்கான பிளைவுட் மைசூர் சாலை டிம்பர் யார்ட் லேஅவுட்டிலிருந்து வந்து இறங்கிவிட்டது. எட்டடிக்கு நான்கடிப் பலகை எங்கள் மாடிப்படியில் திரும்பாது என்பதால், கடையிலேயே 300 மி.மீ. அகலத்தில் நான்கு பட்டைகளாக அறுக்கச் சொல்லி வாங்கினேன். இரண்டு பட்டைகளில் 1,500 மி.மீ. பக்கப் பலகைகளும் பட்டைக்கொரு தட்டும் கிடைக்கும். மூன்றாவதில் மூன்று தட்டுகள். நான்காவது பட்டை முழுவதும் ஜிக்குக்கு, அதாவது வெட்டும் கருவிக்கு வழிகாட்டும் சட்டத்துக்கு.

அக்டோபர் 8, செவ்வாய்

18 மி.மீ. என்று முத்திரை குத்திய பலகை. வெர்னியரை வைத்துப் பார்த்தால் பட்டையின் ஒரு முனையில் 17.3, மறுமுனையில் 17.6, இடையில் ஓரிடத்தில் 17.7. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அடுக்கி, சூட்டோடு அழுத்தி, கடைசியில் மேற்பரப்பைத் தேய்த்து எடுக்கும் பொருளில் இந்த அளவு ஏற்ற இறக்கம் வரத்தான் செய்யும். ஆனால் மரத்தைக் குடையும் ட்ரிம்மர் என்ற கைக்கருவியில் 18 மி.மீ. பிட்டை, அதாவது சுழலும் வெட்டலகை, மாட்டி, தட்டின் முனை உட்காரும் பள்ளமான காடியை ஒரே ஓட்டத்தில் எடுத்தால் இந்தத் தட்டு அதில் ஆடும். ஆட்டத்தைப் பசை பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வெள்ளைப் பசை இரண்டு மரப்பரப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பிடிக்கும். இடைவெளியை நிரப்பும் வேலைக்கு அது உதவாது.

டாடோ எனப்படும் குறுக்குக் காடிக்கு அகலத்தை எண்ணாக எழுதிவைத்துக்கொண்டு வேலை செய்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தத் தட்டு எந்தக் காடியில் உட்காரப் போகிறதோ, அந்தத் தட்டே அகலத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு, தட்டை இடையில் பிடித்து அகலத்தை நிலைநிறுத்தும் ஜிக் வேண்டும். தட்டைவிடக் குறுகிய பிட்டும் வேண்டும்.

கீழ்வீட்டு ஆசாரி ஐயா படியேறி வந்து பலகைகளைத் தட்டிப் பார்த்தார். “எதுக்கு தம்பி இவ்வளவு ஏற்பாடு? ரெண்டு பக்கமும் ரீப்பர் அடிச்சு மேல தட்ட வெச்சா முடிஞ்சுது.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அப்படிச் செய்த அலமாரிகள் அவர் கையால் எத்தனையோ நிற்கின்றன. ஆனால் ரீப்பர் என்ற மெல்லிய கட்டையில் சுமை முழுவதும் திருகாணிகளின் மேல் இறங்குகிறது. காடியிலோ தட்டின் முனை 6 மி.மீ. ஆழத்துக்குப் பக்கப் பலகைக்குள்ளேயே, அதன் மரத்தின் மேலேயே உட்காருகிறது. தட்டு வளைந்தாலும் திரும்பினாலும் காடியின் இரு சுவர்களும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. இதைச் சொன்னேன். “உங்க இஷ்டம்” என்றார். ஆனால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 9, புதன்

1,520. பிறந்த குழந்தைக்கு எடை முதலில் குறைவது இயல்புதான் என்கிறார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

ஜிக் செய்து முடித்தேன்.

120 மி.மீ. அகலமும் 750 மி.மீ. நீளமும் உள்ள இரண்டு சட்டங்கள். அவற்றின் அடியில் இரு கோடிகளிலும் ஒவ்வொரு குறுக்குக் கட்டை. இடது சட்டத்தை முன்கட்டைக்கு மிகச் சரியான செங்கோணத்தில் பசையும் திருகாணியும் இட்டு நிரந்தரமாக்கிவிட்டேன். வலது சட்டம் நகரும். அதில் இரு கோடிகளிலும் நீள்துளை போட்டு, போல்ட்டும் கையால் திருகும் குமிழும் வைத்திருக்கிறேன். தட்டை முனையால் நிறுத்தி இரு சட்டங்களுக்கும் நடுவே ஒரு கோடியில் செருகி, வலது சட்டத்தை அதன்மேல் அழுத்தி அந்தக் குமிழை இறுக்க வேண்டும். பிறகு தட்டை மறுகோடிக்கு நகர்த்தி, அங்கேயும் அழுத்தி இறுக்க வேண்டும். இடைவெளி இப்போது தட்டின் தடிமனேதான், நீளம் முழுக்க ஒரே சீராக. அளவுகோல் எங்குமே நுழையவில்லை.

செங்கோணத்தைச் சோதிக்க மூலைமட்டத்தை மட்டும் நம்பவில்லை. நேரான விளிம்புள்ள ஒரு துண்டின்மேல் ஜிக்கை வைத்து சட்டத்தை ஒட்டிக் கத்தியால் கோடு கிழித்தேன். ஜிக்கைக் கவிழ்த்து, அதே விளிம்பில் பொருத்தி, அதே புள்ளியிலிருந்து மீண்டும் ஒரு கோடு. கோணம் பிசகியிருந்தால் இரண்டு கோடுகளும் விலகிப் பிரியும்; பிசகு இரட்டிப்பாகத் தெரிவதுதான் இந்தச் சோதனையின் நன்மை. கத்தி அதே கீறலில் விழுந்து ஓடியது.

பிட்டைப் பற்றி: 12.7 மி.மீ. விட்டம், வெட்டும் அலகுக்கு மேலே, தண்டின்மேல், அதே விட்டத்தில் பேரிங். பேரிங் சட்டத்தின் விளிம்பைத் தொட்டு உருளும்; அலகு அதற்கு நேர் கீழே வெட்டும். அலகின் நீளம் 12 மி.மீ.க்குள் இருப்பது முக்கியம். 25 மி.மீ. அலகு என்றால், 3 மி.மீ. ஆழத்தில் முதல் ஓட்டம் ஓடும்போது பேரிங் 18 மி.மீ. சட்டத்துக்கு மேலே அந்தரத்தில் நிற்கும், அலகு நேராகச் சட்டத்தையே கடித்துவிடும். எஸ்.ஜே.பி. சாலைக் கடைகளில் கேட்டால் நீளமான பிட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். தண்டு கால் அங்குலம், அதாவது 6.35, என் ட்ரிம்மருக்குத் தண்டைக் கவ்வும் கோலட், 6 மி.மீ.க்கு ஒன்றும் கால் அங்குலத்துக்கு ஒன்றும் உண்டு. 6 மி.மீ. தண்டைக் கால் அங்குலக் கோலட்டில் இறுக்கி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று சுற்றும் பொருள் நழுவினால் என்ன ஆகும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இன்று எந்தக் கருவியும் ஓடக் கூடாது. ட்ரிம்மர், கிளாம்புகள், மூலைமட்டம், உளிகள் எல்லாவற்றையும் துடைத்து மணையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டோம். அம்மா ஜிக்கையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மாலை நான்கு மணிக்கு அம்மாவே பொரியும் திருநீறும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே விடவில்லை, குழந்தையைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்.

1,535.

அக்டோபர் 12, சனி

ட்ரிம்மரின் அடித்தட்டில் ஒட்டியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் முழுமையாக எடுத்துவிட்டேன். காய்ந்த சந்தனத் துளி ஒன்று இருந்தாலும் அடித்தட்டு அந்த அளவுக்குத் தூக்கிக்கொள்ளும்.

உதிரித் துண்டில் முதல் காடி. தட்டு இறங்கவே இல்லை. இடைவெளி தட்டின் தடிமனுக்கு இம்மியும் கூடாமல் இருந்தால் இப்படித்தான் இருக்கும். பசையின் ஈரத்தில் மரம் உப்பும்போது இன்னும் இறுகும். ஆகவே தட்டோடு சேர்த்து ஒரு ஏ4 தாளையும் வைத்து இறுக்கினேன். தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. அடுத்த காடியில் உள்ளங்கையால் அழுத்தியதும் தட்டு மெல்ல இறங்கி நின்றது. துண்டைத் தலைகீழாகப் பிடித்தேன், தட்டு விழவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிளைவுட்டை ஒட்டும் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. அது பலகையிலிருந்து சிறுகச் சிறுகக் காற்றில் கசியும். அலமாரி நிற்கப்போவது குழந்தையின் அறையில். நான் வாங்கியது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறியீடு உள்ள பலகை. அதில் பயன்படுவது ஃபீனால் வகைப் பசை. உள்வேலைக்கான மலிவுப் பலகைகளில் பெரும்பாலும் பயன்படும் யூரியா வகையைவிட அதில் கசிவு மிகக் குறைவு என்பது தெரிந்தே, விலை அதிகமானாலும் இதை எடுத்தேன். ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு அந்த அறிவு போதவில்லை. பலகையின் முகங்களைவிட அறுத்த விளிம்புகளில்தான் கசிவு அதிகம். ஒவ்வொரு காடியும் பலகையின் முகத்தகட்டைக் கிழித்து உள்ளே இருக்கும் பசை அடுக்குகளைத் திறந்துவிடுகிறது. நான் எவ்வளவு காடி எடுக்கிறேனோ அவ்வளவு திறக்கிறேன் என்ற எண்ணம் சுற்றிச் சுற்றி வருகிறது.

காடிக்குள் தட்டின் முனை உட்கார்ந்து பசையும் இட்டால், திறந்த இடம் மூடிக்கொள்கிறது. மிஞ்சுவது முன்விளிம்பும் பின்விளிம்பும். முன்விளிம்பில் தேக்குப் பட்டி ஒட்டப்போகிறேன். பின்விளிம்புக்கும் எல்லா முகங்களுக்கும் அரக்கு மெருகு, மெல்லியதாகப் பல பூச்சு. வேலை முடிந்தபின் அலமாரியை உடனே உள்ளே கொண்டுபோகாமல் மாடிக் கொட்டகையில் காற்றாட நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு நாள் வேண்டும். குழந்தை வீட்டுக்கு வர எத்தனை நாள் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மறுக்கிறார்கள். “எடை ஏறட்டும்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சுவரில் பிடிப்பதற்கு எல்-பிராக்கெட் வாங்க வேண்டும். தவழும் வயதில் குழந்தைகள் அலமாரியைப் பிடித்து எழுந்து நிற்பார்கள்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொட்டகை ஒழுகுகிறது, பலகைகளைக் கூடத்துக்கு மாற்றினேன். 1,640!

அக்டோபர் 16, புதன்

மழை விடவில்லை. மின்சாரமும் இல்லை. ஓட்ட முடியாத நாளில் ஓட்டத்தை எழுதிவைக்கிறேன்.

மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகும் திசையில் சுழல்கிறது. ட்ரிம்மரை என்னிடமிருந்து முன்னால் தள்ளும்போது பிட்டின் முன்புறப் பல் வலப்பக்கமாக மரத்தை அறுக்கிறது. மரம் எதிர்த்து நின்று கருவியை இடப்பக்கம் தள்ளுகிறது. எனவே போகும்போது இடது சட்டத்தை ஒட்டிப் போக வேண்டும், திரும்பும்போது வலது சட்டத்தை ஒட்டி வர வேண்டும். இரண்டு முறையும் கருவி தானாகவே சட்டத்தின்மேல் சாய்ந்துகொள்ளும். என் கை அதை அங்கே பிடித்துவைக்கத் தேவையில்லை. இதை மாற்றிச் செய்தால் கருவி சட்டத்தைவிட்டு விலகி ஓடப் பார்க்கும், காடியின் சுவர் அலையும்.

ஆழம் 6 மி.மீ., பலகைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. ஓர் ஓட்டத்துக்கு 3 மி.மீ. மட்டும். முதல் ஓட்டத்துக்கு முன் இரு சட்டங்களின் விளிம்பையும் ஒட்டிக் கத்தியால் ஆழமாகக் கீறிவிட்டால் முகத்தகடு பிசிறு பிசிறாகப் பிய்யாது. பிட் வெளியேறும் விளிம்பில் ஓர் உதிரிக் கட்டையை ஒட்டிக் கிளாம்ப் போட்டால் அங்கேயும் தகடு உடையாது.

மனைவி போனில், தனக்கும் ஒரு தட்டு வேண்டும் என்றாள். உண்டு என்றேன். எது என்று கேட்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

வெயில். 1,715.

இரண்டு பக்கப் பலகைகளையும் பின்விளிம்போடு பின்விளிம்பு சேர்த்துப் படுக்கவைத்து, கீழ்முனைகளைச் சரிபார்த்துக் கிளாம்ப் போட்டு, இரண்டின் மேலும் ஒரே ஓட்டத்தில் காடி எடுக்கிறேன். இடப்பக்கக் காடியும் வலப்பக்கக் காடியும் ஒரே உயரத்தில் அமையாவிட்டால் தட்டு சாய்ந்துவிடும். தனித்தனியாக அளந்து எடுத்தால் அந்தச் சாய்வுக்கு இடம் கொடுத்ததாகும்.

கீழ்த்தட்டுக்கும் அதற்கு மேல் தட்டுக்கும் காடி முடிந்தது. தட்டுகளில் பென்சிலால் எண் போட்டிருக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஜிக்கைத் தளர்த்தி மீண்டும் அந்தத் தட்டையே வைத்து இறுக்குகிறேன். ஆசாரி ஐயா மேலே வந்து இரண்டாம் தட்டைக் காடியில் செருகி, எடுத்து, மறுமுனையைச் செருகி, எடுத்து, பிறகு கட்டைவிரல் நகத்தால் மூட்டின் ஓரமாக இழுத்துப் பார்த்தார். நகம் எங்கும் சிக்கவில்லை. “அந்தப் பெட்டிய எனக்கு ஒரு நாளைக்குக் கொடு தம்பி” என்றார். ஜிக்கைத்தான் சொன்னார். வேறொன்று செய்து தருகிறேன் ஐயா என்றேன்.

அக்டோபர் 19, சனி

தட்டின் நீளம் 900 வைக்கலாமே, இடம் இருக்கிறதே என்று மாமா போனில் கேட்டார். புத்தகங்கள் நெருக்கமாக நிற்கும் தட்டின் தொய்வு அதன் நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுகிறது. 900ஐ 750 ஆக்கினால் தொய்வு பாதிக்கும் கீழே வந்துவிடும். இதை அவரிடம் விளக்கினேன். “குழந்தைப் புத்தகம் என்ன கனம் இருந்துவிடும்” என்றார். அந்தப் புத்தகங்கள் வளரும் மாமா.

அக்டோபர் 21, திங்கள்

1,790. காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பதினொரு மணிக்கு இருவரையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கென்று சொல்லவில்லை, குரல் நன்றாகத்தான் இருந்தது.

நான்காம் தட்டு 17.6 உள்ள பக்கம். ஜிக் அதற்கு இறுக்கி, தாளும் வைத்து, கிளாம்ப் போட்டாகிவிட்டது. கத்திக் கீறல் இடது சட்டத்தில் முடிந்தது, வலது சட்டத்தில் இன்னும் இல்லை. ஆழம் 3இல் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். குளித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், முடியிலும் கழுத்திலும் தூள்.