தீவுக்குப் படகில் மடக்கு சைக்கிள் கொண்டுபோகிறீர்களா?

தீவின் மேடுபள்ளத்தைவிட மடக்கு சைக்கிளை அதிகம் கெடுப்பது உப்புதான். சின்னப் படகில் கரைக்கு வரும்போது தெறிக்கும் கடல்நீர் காய்ந்தாலும், படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். செயின் சீக்கிரமே துருவேறிவிடும். நல்ல தண்ணீர் குறைவென்றால், ஈரத்துணியால் செயின், பிரேக் கேபிள் முனைகள், மடக்கும் கீல் ஆகியவற்றையாவது துடைத்து, காயவைத்து, எண்ணெய் விடுங்கள். பீய்ச்சி அடித்துக் கழுவவே கூடாது, உப்பு பேரிங்குக்குள் போய்விடும். சீட் குழாயை அவ்வப்போது உருவி கிரீஸ் தடவுங்கள். அலுமினிய ஃபிரேமுக்குள் இரும்புக் குழாய் இருந்தால் உப்புநீர் பட்டு அரித்து, அசைக்கவே முடியாதபடி இறுகிப்போகும்.

மணல் பாதையில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கலாம். அளவுக்கு மீறினால் பவளக்கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். மாற்று டியூபும் கைப்பம்பும் கட்டாயம்.

போகும்போது எதிர்க்காற்றை வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது கால் களைத்திருக்கும். தென்னை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். வெப்பமண்டலத்தில் சூரியன் மறைந்ததும் சட்டென்று இருட்டிவிடும். வெளிச்சம் இருக்கும்போதே படகுக்குத் திரும்புங்கள். கரையில் இறங்கும்போதே சின்னப் படகை கடல் ஓதம் (நீர்மட்டம்) ஏறும் கோட்டுக்கு மேலே இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.