உறைந்த மழையும் கசகசாவும்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்தின் வேதபாட வகுப்பில் ஓர் இளைஞர், "கடுகு சகல விதைகளிலும் சிறியது என்று ஆண்டவர் சொல்கிறார், எங்கள் வீட்டுக் கசகசா அதைவிடச் சிறிதாக இருக்கிறதே, ஐயா?" என்று கேட்டார். வகுப்பை நடத்திய பெரியவர், வேதத்தில் ஓர் எழுத்தைச் சந்தேகிப்பவன் முழு வேதத்தையும் சந்தேகிக்கிறான் என்று சொல்லி அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார். அந்தத் தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து இரண்டிலும் சிறிதளவு உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தேன். கடுகு உருண்டு விழுந்தது. கசகசாவோ ரேகைகளுக்குள் புகுந்துகொண்டு, கையைத் தட்டினாலும் போக மறுத்தது. தம்பி சொன்னது சரிதான். ஆனால் "எள்ளளவும் சந்தேகமில்லை" என்று சொல்பவரிடம் எள்ளின் அளவை யாரும் விசாரிப்பதில்லை. கலிலேயாவின் விவசாயிகளிடம் பேசியவர் அவர்கள் விதைத்த விதையைக் காட்டிப் பேசினார், தாவரவியல் நடத்தவில்லை.

எழுத்துக்கு எழுத்து என்கிறோமே, அது எந்த எழுத்து? நம் கையில் இருப்பது மூலமொழிகளான எபிரெயமும் கிரேக்கமும் அல்ல. 1715இல் தரங்கம்பாடியில் அச்சான ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டில் சர்வேசுரனாக இருந்தவர், அவருக்குப் பின் வந்த மிஷனரி பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பில் பராபரன் ஆனார். 1820இல் இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்து, தமிழ் வழக்குக்கு இசைய மொழிபெயர்க்க வேண்டும் என்று வாதிட்டார் மிஷனரி ரேனியுஸ் ஐயர். இன்று நாம் ஆலயத்தில் வாசிக்கும் மொழிபெயர்ப்பில் தேவன் என்று இருக்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் கடவுள் என்று இருக்கிறது. கடவுளின் பெயரே இத்தனை கைகள் பட்டு வந்திருக்கும்போது, எந்தக் கை எழுதிய எழுத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்கிறோம்? மேலப்பாளையத்து நண்பர் ஒருவர், அரபு மூலம்தான் குர்ஆன், தமிழில் இருப்பது அதன் பொருள் மட்டுமே என்பார். அந்தத் தெளிவு நம்மிடம் இல்லை.

ஐம்பத்தோராம் சங்கீதத்தில் "நான் உறைந்த மழையிலும் வெண்மையாவேன்" என்று வருகிறது. மூலத்தில் இருப்பது மலைநாடுகளில் பொழியும் வெண்பனி. நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லை நனைப்பது. அதில் வெண்மை எங்கே இருக்கிறது? ஆகவே மொழிபெயர்த்தவர்கள் மழையை உறைய வைத்தார்கள். எங்கள் ஆச்சி இதை ஆலங்கட்டி என்றே எடுத்துக்கொண்டு, சிறுவயதில் முற்றத்தில் ஒருமுறை ஆலங்கட்டி விழுந்ததையும் பொறுக்கியதையும் குடும்ப ஜெபத்துக்குப் பிறகு சொல்வார்கள். எழுத்தின்படி பார்த்தால் அது பிழை. ஆனால் அந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீதின் மன்றாட்டு ஆச்சிக்கு விளங்கவில்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நான்றுகொண்டு செத்தான் என்கிறது மத்தேயு 27. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தான் என்கிறது அப்போஸ்தலர் 1. இதைப் பற்றி அதே பெரியவரிடம் முன்பு ஒருமுறை கேட்டபோது, கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்று உடனே விடை தந்தார். கயிறு அறுந்ததாக மத்தேயுவும் சொல்லவில்லை, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்காவும் சொல்லவில்லை. ஓர் எழுத்தையும் கூட்டக்கூடாது என்பவர், எழுத்தைக் காப்பாற்ற ஒரு கயிற்றையே கூட்டிவிட்டார்! "கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே" என்பதை மட்டும் எழுத்தின்படி எடுத்துக்கொள்ளும் ஆட்களை எங்கள் சபை வட்டாரமான சேகரத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வேதம் தேவனுடைய வார்த்தை என்பதை நானும் நம்புகிறேன். வேதவாக்கியங்கள் தேவ ஆவியினால் அருளப்பட்டவை என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம் சொல்லும்போது, அவை உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பிரயோஜனமுள்ளவை என்றும் சொல்கிறது. விதைகளை அளப்பது அந்த வரிசையில் இல்லை. ஓர் எழுத்தை விட்டால் அடுத்ததை எங்கே நிறுத்துவது என்ற பெரியவரின் அச்சம் பொய்யானதன்று. அதற்கு என்னிடம் முழுமையான விடையும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவரைத் தலைகுனிய வைப்பது அதற்கு விடையாகாது.

அந்தத் தம்பி அடுத்த இரண்டு வகுப்புகளுக்கும் வரவில்லை. வரும் ஞாயிறு வந்தால், எங்கள் வீட்டுக் கசகசாவும் கடுகைவிடச் சிறியதுதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.