பின்வரிசையில் ஒரு பாட்டி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் மாடியில் நான் நடத்தும் கர்நாடக வயலின் வகுப்பில் பன்னிரண்டு வயலின்கள். கால் சைஸ், அரை, முக்கால் என்று எல்லா அளவும் இருக்கும். எல்லாவற்றையும் சுருதி சேர்த்து முடிக்கவே இருபது நிமிடம் போய்விடும். மழைக்காலத்தில் பிருடை, அதாவது தந்தியை முறுக்கும் மரமுளை, ஊறி இறுகிக்கொள்ளும். ஏசி அறையிலேயே கிடந்த வயலினில் அது வழுக்கும். கடைசி வயலினைச் சேர்த்து முடிப்பதற்குள் முதல் வயலின் இறங்கியிருக்கும்.

தொடக்கத்தில் பெற்றோரை உள்ளே விட்டதில்லை. செருப்பு விடும் இடத்தோடு சரி. ஷினிச்சி சுசுகி என்ற ஜப்பானிய ஆசிரியரைப் பற்றிப் படித்த பிறகுதான் கதவைத் திறந்தேன். 1946-ல் மத்சுமோட்டோ நகரில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு வயலின் சொல்லித்தரத் தொடங்கியவர். ஜப்பானியக் குழந்தைகள் எல்லோருமே ஜப்பானிய மொழி பேசிவிடுகிறார்களே, அப்படியானால் இசையும் காதில் விழுந்து விழுந்து வந்துவிடாதா என்பது அவர் கேள்வி. அதனால் அவர் முறையில் அம்மாவோ அப்பாவோ வகுப்பில் கூடவே உட்கார வேண்டும், குழந்தைக்கு முன்னால் தானும் கொஞ்சம் வாசிக்கக் கற்க வேண்டும்.

அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. வர்ணம் மாதிரியான பெரிய பாடத்துக்கு வந்துவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, வாசித்தால் கூழாகிவிடும். அலங்காரம், கீதம் போன்ற ஆரம்பப் பாடங்கள் வரை கூட்டமாக, அதற்குப் பிறகு தனித்தனியாக என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பெற்றோர் விஷயத்தில் அவர் சொன்னது சரி.

சரளி வரிசை என்ற முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில்தானே தொடங்குகிறது? அதில் ரிஷபம் (ரி) ஸட்ஜத்தை (ஸ) ஒட்டி இருக்கும். காந்தாரமோ (க) எட்ட இருக்கும், மத்யமத்தை (ம) ஒட்டினாற்போல. எட்டு வயதுக் கைக்கு அந்த இரண்டாம் விரலை அவ்வளவு தூரம் விரிப்பது கஷ்டம். பாதி வழியில் நின்றுவிடும். ஒரு நாள் ஒரு பெண் வாசிக்கும்போது பின்னாலிருந்து அவள் அப்பா, "தப்பு, தப்பு" என்றார். காது சரியான காதுதான். அடுத்த வாரம் அவர் மடியிலும் ஒரு வயலினை வைத்தேன். வயலினின் தலைச் சுருளைக் கணுக்காலில் சாய்த்து உட்காரவே ஐந்து நிமிடம் ஆனது, கால் மரத்துப் போனது. வாசித்தார். மகளுடையதைவிட அவர் காந்தாரம் இன்னும் கீழே. "விரலை உங்க பக்கம் இழுங்கப்பா" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் "தப்பு" சொல்லி நான் கேட்கவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான். அப்புறம் ஒரு நவம்பர் மாதம். தெருவெல்லாம் தண்ணீர், மூன்றே பிள்ளைகள் வந்தார்கள். மூன்று பேர் வாசிக்கும்போது இரண்டு வயலின்தான் கேட்டது. மூன்றாவது பையனின் வில் அழகாகப் போய் வந்துகொண்டிருந்தது, தந்தியில் படாமல். நூலிழை இடைவெளி. பக்கத்துப் பையன் வில்லைத் திருப்பும்போது இவனும் திருப்பினான். நன்றாக வாசிப்பவர்களை முன்னால் உட்காரவைத்து இவனைக் கடைசி வரிசையில் போட்டது நான்தான். சத்தம் நிறைந்த அறையில் மௌனமாக இருப்பது எவ்வளவு எளிது!

வகுப்பு முடிந்ததும் அவனோடு வரும் பாட்டியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும் சார். ரெண்டு மாசமா அப்படித்தான். வீட்ல வாசிப்பான், இங்க வந்தா பயம். சொன்னா நீங்க அவனைத் திட்டுவீங்களோன்னு சொல்லல."

இரண்டு மாதம் அவர் என் முன்னால்தான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். பெற்றோரிடம் 'வீட்டில் இப்படிச் செய்யுங்கள்' என்று நான் சொல்லியிருக்கிறேனே தவிர, 'வீட்டில் என்ன நடக்கிறது' என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

இப்போது வரிசை கிடையாது, வட்டம். சரளி வரிசையை ஆவர்த்தனம் ஆவர்த்தனமாக, அதாவது தாளத்தின் ஒவ்வொரு சுற்றாக, கைமாற்றுகிறோம், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர். சுருதி சேர்க்கும் அந்த இருபது நிமிடத்தில் வாரம் ஒரு குழந்தையின் வீட்டார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசுவார். எந்த இடத்தில் குழந்தை அழுதது, எந்த வரிசையைச் சமையலறைவரை வந்து வாசித்துக் காட்டியது, எல்லாம் அப்போதுதான் வரும்.

அந்தப் பையனின் வில் தந்தியில் பட மேலும் ஐந்து வாரம் ஆனது. முதல் நாள் ஒரே கீச்சு. வில்லில் தேய்க்கும் ரோசின் பிசினை அளவுக்கு மேல் போட்டிருந்தான், மடியெல்லாம் வெள்ளைப் பொடி.

பாட்டி இப்போது வட்டத்துக்குள் உட்கார்ந்து எல்லோருக்கும் தாளம் போடுகிறார். மூன்றாம் காலத்தில், அதாவது வேகமாக வாசிக்கும்போது, அவர் தாளம் ஓடுகிறது, பிள்ளைகளும் கூடவே ஓடுகிறார்கள். நான் இன்னும் சொல்லவில்லை. போன வாரம் பேரன் வில்லை நிறுத்திவிட்டுப் பாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.