19 டிகிரியைத் தாண்டும் வளையம்

உதகையின் காந்தள் பகுதியிலுள்ள ஒரு சிறிய லேத் பட்டறையில் பதினான்கு ஆண்டுகள் டர்னராக, அதாவது சுழலும் உலோகத்தைக் கத்தியால் கடைபவனாக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு ஷாஃப்ட், தைலம் காய்ச்சுகிறவர்களுக்குக் குழாய் இணைப்பு என்று இரும்பிலும் பித்தளையிலும் பழகிய கைக்கு, டெஃப்லான் என்று எல்லோரும் அழைக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் முதலில் விளையாட்டுச் சாமானாகவே தெரிந்தது. கத்தி பட்டதும் அறுபடாத ரிப்பனாகச் சுருண்டு விழும். இவ்வளவு இணக்கமான பொருள் வேறில்லை என்று நம்பியிருந்தேன்.

எங்கள் பட்டறைக்குள் அது தைலத்தின் வழியாகத்தான் வந்தது. யூக்கலிப்டஸ் இலையை ஆவியில் காய்ச்சித் தைலம் இறக்கும்போது, குழாய் இணைப்பில் ரப்பர் வாஷர் இருந்தால் அது தைலத்தைக் குடித்து ஊதி, கொழகொழத்துப் போகும். அதே இடத்தில் டெஃப்லான் வளையத்தை வைத்தால் போட்டபடியே கிடக்கும். கார்பன் சங்கிலியைச் சுற்றிலும் புளோரின் அணுக்கள் நெருக்கமாகப் போர்த்தியிருப்பதும், அவ்விரண்டுக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானதாக இருப்பதுமே இதற்குக் காரணம். அமிலமோ காரமோ எண்ணெயோ உள்ளே நுழைய இடம் கிடைப்பதில்லை. உருகிய சோடியம் போன்ற உலோகங்களும் சூடான புளோரின் வாயுவும்தான் அதைத் தாக்கும். 260 டிகிரி வரை தொடர்ந்து வேலை செய்யும்; 327 டிகிரியில் உருகும். உருகினாலும் மற்ற பிளாஸ்டிக்குகளைப் போல ஓடாது என்பதால், தூளை அச்சில் அழுத்திச் சுட்டுத்தான் ராடாகவும் தகடாகவும் செய்கிறார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த எஃப்.இ.பி.யும் பி.எஃப்.ஏ.யும் உருகி ஓடக்கூடியவை. அமிலக் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் உள்பூச்சாக வார்க்கப்படுபவை அவை.

1938 ஏப்ரலில், டுபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் குளிர்பதன வாயுக்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சிலிண்டரின் எடை குறையாமலிருந்தும் வாயு வெளியே வரவில்லை. அதை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த வெள்ளைத் தூள்தான் இது.

குறைகளும் உண்டு. போல்ட்டை இறுக்கி வைத்தால் அந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து பிதுங்கிவிடும். மறுநாள் சென்று மீண்டும் ஒரு முறை இறுக்காவிட்டால் இணைப்பு கசியும். அழுத்தம் அதிகமான இடங்களுக்குக் கண்ணாடி இழை கலந்ததை வாங்குவோம். அது லேத் கத்தியின் முனையைத் தின்றுவிடும் என்பது தனிச் சங்கடம்.

கடையும்போது சுருண்டு விழும் சீவலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மார்கழி, தை மாதங்களில் காலை வேளையில் தகர டப்பாவில் கரி மூட்டிக் கை காய்வது எங்கள் வழக்கம். புதிதாக வந்த பையன் ஒருவன் தரையைக் கூட்டி, டெஃப்லான் சீவலை அந்த நெருப்பில் கொட்டப் போனான். மேஸ்திரி பாய்ந்து வந்து டப்பாவையே வாசலுக்கு உதைத்துத் தள்ளிவிட்டார். அளவுக்கு மேல் சூடானால் இது வெளியிடும் புகை நுரையீரலைப் பதம்பார்க்கும். விரலில் ஒட்டிய தூளோடு பீடி பிடித்தாலே சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் வரும். லேத் அருகே பீடி கூடாது என்ற அவருடைய சட்டத்தை நாங்கள் வெறும் கண்டிப்பு என்று நினைத்திருந்தோம்.

இத்தனை தெரிந்திருந்தும் நான் ஏமாந்தது குளிரில். ஒரு ஜனவரியில், புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடந்த வாரத்தில், கோவையில் பம்ப் செய்கிற ஒருவருக்காக 60 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள இருபது வளையங்களைக் கடைந்தேன். ஒவ்வொன்றையும் ஆறவிட்டு, மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியில் பார்த்து, 0.02 மில்லிமீட்டருக்குள் நிறுத்தி அனுப்பினேன். நான்காம் நாள் இருபதும் திரும்பி வந்தன. ஒன்றுகூட அவர்களுடைய இரும்புக் கூட்டுக்குள் இறங்கவில்லையாம். பட்டறையில் அளந்தால் அளவு அச்சாகச் சரியாக இருந்தது. "அவங்க மைக்ரோமீட்டர்தான் தப்பு, அண்ணா" என்றேன். மேஸ்திரி பதில் சொல்லாமல் ஒரு வளையத்தை எடுத்து ஸ்வெட்டருக்குள், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும், "இப்ப அளந்து பாரு, தம்பி" என்று என்னிடம் நீட்டினார். வளையம் கால் மில்லிமீட்டர் அளவுக்குப் பெருத்திருந்தது.

எல்லாப் பொருளும் சூட்டில் விரியும். டெஃப்லான் இரும்பைவிடப் பத்து மடங்கு விரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாமல் போனது, 19 டிகிரியை ஒட்டி அதன் படிக அடுக்கே மாறிக்கொள்கிறது என்பதும், அந்த ஒரு மாற்றத்தில் மட்டுமே கன அளவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடிவிடுகிறது என்பதும்தான். கோவையிலிருக்கும் டர்னருக்கு ஆண்டு முழுவதும் அந்த எல்லைக்கு மேலேயே வேலை. அவருக்கு இது பெரும்பாலும் பிரச்சினையாக வராது. உதகையிலோ பட்டறைக் குளிர் காலையில் 9 டிகிரியாகவும், வெயில் விழும் மதியத்தில் 20 டிகிரியாகவும் இருக்கும். ஒரே நாளில் அந்த எல்லையை இரண்டு முறை தாண்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, 0.02 மில்லிமீட்டர் துல்லியம் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு பலகையில் ஒரு பெட்டி செய்து, உள்ளே 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டோம். முதல் நாள் இரவே ராடை அதற்குள் வைத்துவிடுவோம். கடைந்த வளையத்தையும் கடைசி அளவுக்கு முன் மீண்டும் அதிலேயே வைத்து, 25 டிகிரி வந்த பின்புதான் மைக்ரோமீட்டரைத் தொடுவோம். அந்த இருபது வளையங்களையும் அப்படியே சூடாக்கி, மறுபடி ஒரு சீவு சீவி, மேட்டுப்பாளையம் போகிற வண்டியில் கொடுத்துவிட்டேன். சலானில் எண்ணிக்கைக்குக் கீழே "25 டிகிரியில் அளந்தது" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு கோவைக்காரர் தொலைபேசியில் கேட்டது, காய்ச்சல் யாருக்கு என்றுதான்.